களிப்பாறையில் ஒரு பிளவு: வயதைக் கணிக்க எந்த முறையைத் தேர்வது?

சுவிட்சர்லாந்தின் வடமேற்கு மூலையில், ஜூரா மலைத்தொடரில், சான்-உர்சான் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கம் மலையைத் துளைத்துச் செல்கிறது. அச்சுரங்கத்தின் பாதுகாப்புக் குடைவிலிருந்து கிளை பிரித்துத் தோண்டப்பட்ட மோன்ட் டெரி நிலத்தடி ஆய்வுக்கூடம் 1996 முதல் இயங்கி வருகிறது. அதைச் சூழ்ந்திருப்பது ஏறத்தாழ 17.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த ஓபலினஸ் களிப்பாறை. நீரை எளிதில் ஊடுருவ விடாத இந்தப் பாறைக்குள் கதிரியக்கக் கழிவைப் புதைக்கலாமா என்பதை அறியும் ஆய்வுகளே அங்கு நடக்கின்றன. கழிவு எதுவும் அங்கு வைக்கப்படவில்லை. கழிவை வைப்பதற்கான இடமாக, இதே பாறை ஆழத்தில் கிடக்கும் நோர்ட்லிக் லேகெர்ன் பகுதியை, அந்நாட்டின் கழிவு மேலாண்மை நிறுவனமான நாக்ரா 2022 செப்டம்பரில் முன்மொழிந்தது.

மோன்ட் டெரியின் குடைவுகள் ஒரு பிளவை வெட்டிச் செல்கின்றன. 'முதன்மைப் பிளவு' என்று அங்குள்ளோர் அழைக்கும் அது ஒரு மீட்டர் முதல் மூன்று மீட்டர் வரை அகலமுள்ள நொறுங்கல் மண்டலம். பாறையின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் உந்தி ஏறியபோது உருவானது. கதிரியக்கம் மிகுந்த உயர்நிலைக் கழிவை 10 லட்சம் ஆண்டுகள் பிரித்து வைக்க வேண்டும் என்று கணக்கிடும் ஒரு நாட்டுக்கு, இத்தகைய பிளவு எப்போது அசைந்தது, ஒருமுறைதான் அசைந்ததா, அசைந்தபோது அதன் வழியே நீர் ஓடியதா என்ற கேள்விகளைத் தள்ளிப் போட இயலாது. பக்கத்துப் பாறையின் வயதை அறிவது எளிது. அசைவின் வயதை அறிவதுதான் கடினம், ஏனெனில் அசைவு என்பது ஒரு பொருள் அன்று. அது விட்டுச் சென்ற ஏதேனும் ஒரு கனிமத்தைப் பிடித்துத்தான் காலத்தைக் கேட்க முடியும்.

எந்தக் கனிமத்தைப் பிடிப்பது, எந்தத் தனிமத்தின் சிதைவைக் கடிகாரமாகக் கொள்வது என்பதே இங்கு எடுக்க வேண்டிய முடிவு. மாதிரி குறைவு, பணமும் குறைவு, எல்லா முறைகளையும் ஒரே நேரத்தில் செய்து பார்க்க முடியாது என்ற நிலையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

விடையாக வரக்கூடிய வயதுகள் எவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையேல் முறைகளின் வலிமையை எடைபோட முடியாது. ஜூரா மலைகள் மடிந்து உயர்ந்தது பெரும்பாலும் கடந்த 1.2 கோடி ஆண்டுகளுக்குள். அதற்கு முன்பே, ஏறத்தாழ 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், அருகிலுள்ள மேல் ரைன் பள்ளத்தாக்கு விரிந்து இறங்கியபோது இப்பகுதிப் பாறைகளில் வெடிப்புகள் விழுந்தன. அவற்றுள் சில பின்னர் மீண்டும் அசைந்தன. ஆகவே நாம் பிரித்தறிய வேண்டியது இரண்டு காலங்களை: ரைன் பள்ளத்தாக்கு திறந்த காலமா, ஜூரா மடிந்த காலமா?

இனி பொருளைப் பார்ப்போம். பிளவுத் தளத்தில் பாறை அரைபட்டு உண்டாகும் மாவு போன்ற களியை நிலவியலாளர் 'கௌஜ்' என்பார்கள். முதன்மைப் பிளவின் உள்ளே மீன்செதிள் போல அடுக்கடுக்காகப் பிரியும் களிப்பாறையும், கண்ணாடிபோல் மினுங்கும் வழுக்குப் பரப்புகளும் நிறைந்திருக்க, அவற்றின் இடையே சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை தடிப்புள்ள கௌஜ் இழைகள் ஓடுகின்றன. சில இடங்களில் கால்சைட் (கால்சியம் கார்பனேட்), செலஸ்டைட் (ஸ்ட்ரான்சியம் சல்பேட்) என்ற கனிமங்கள் மெல்லிய வெள்ளை நரம்புகளாகப் படிந்திருக்கின்றன. களியா, வெள்ளை நரம்பா? தேர்வின் முதல் கிளை இங்கேயே பிரிகிறது.

களியின் பக்கம் முதலில் செல்வோம், நெடுங்காலம் கையாளப்பட்ட வழி அதுதான். களியில் உள்ள இல்லைட் என்ற கனிமம் பொட்டாசியத்தைத் தன் அடுக்குகளுக்கு இடையே பிடித்து வைத்திருக்கிறது. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். சிதைவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கான்-40 ஆக மாறுகிறது, மீதி கால்சியம் ஆகிறது. இல்லைட் வளர்ந்த நாள் முதல் சேர்ந்த ஆர்கானை அளந்தால் அது வளர்ந்த நாள் தெரியும். பிளவு அசைந்தபோது, வெப்பமும் பாய்மமும் துணைநிற்க, ஸ்மெக்டைட் போன்ற களிக்கனிமங்கள் இல்லைட்டாக மாறியிருந்தால், அந்த இல்லைட்டின் வயதே அசைவின் வயது.

ஆனால் களிப்பாறையில் இல்லைட் ஏற்கெனவே இருக்கிறது. பழைய மலைகள் தேய்ந்து, அவற்றின் மைக்காத் துகள்கள் ஆறுகளின் வழியே கடலுக்கு வந்து படிந்துதான் களிப்பாறையே உருவாகிறது. அந்தத் துகள்கள் பாறை படிந்த காலத்தைவிடப் பழையவை. பிளவு அசைந்து அவற்றை அரைத்தாலும் அவற்றின் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுவதில்லை. எனவே கௌஜை அப்படியே எடுத்து அளந்தால் கிடைக்கும் எண், பழையதும் புதியதும் கலந்த ஒரு சராசரி. பூமியின் வரலாற்றில் அந்த நாளில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கலப்பு எவ்வளவு ஏமாற்றும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். பழைய மைக்காவின் வயது 30 கோடி ஆண்டுகள் என்றும், பிளவில் புதிதாக வளர்ந்த இல்லைட்டின் வயது 80 லட்சம் ஆண்டுகள் என்றும், இரண்டிலும் பொட்டாசியம் ஒரே அளவு என்றும் வைத்துக்கொள்வோம். புதியது 90 சதவீதமும் பழையது 10 சதவீதமும் கலந்த மாதிரியை அளந்தால் வரும் வயது ஏறத்தாழ 3.9 கோடி ஆண்டுகள். அதாவது, ஜூரா மடிந்தபோது அசைந்த ஒரு பிளவு, பத்தில் ஒரு பங்கு பழைய மைக்கா கலந்ததால், ரைன் பள்ளத்தாக்கு திறந்த காலத்துப் பிளவாகத் தோற்றமளிக்கும். பொருந்தாத எண் வந்திருந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். நிலவியல் வரலாற்றோடு கச்சிதமாகப் பொருந்தும் பொய்யான எண் வந்தால் அதைக் கேள்வி கேட்பவர் அரிது. என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான்.

இதற்கு மருந்தாக வந்ததே இல்லைட் வயதுப் பகுப்பாய்வு. ஒரே கௌஜைத் துகள் அளவின்படி மூன்று, நான்கு பங்குகளாகப் பிரிக்க வேண்டும். துகள் நுண்மையாக ஆக ஆகப் புதிய இல்லைட்டின் பங்கு கூடும். பழைய மைக்காவின் அணு அடுக்கு முறையும், தாழ்ந்த வெப்பத்தில் வளர்ந்த புதிய இல்லைட்டின் அடுக்கு முறையும் வேறு வேறு. முன்னதை 2எம்1 என்றும், பின்னதை 1எம்டி என்றும் குறிப்பார்கள். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனை ஒவ்வொரு பங்கிலும் இவை எவ்வளவு என்று காட்டுகிறது. பிறகு ஒவ்வொரு பங்கின் ஆர்கான்–பொட்டாசிய விகிதத்தையும் பழைய மைக்காவின் சதவீதத்துக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பழையது பூஜ்யமாகும் இடம் வரை நீட்டினால் புதிய இல்லைட்டின் வயது கிடைக்கும். வயதை அப்படியே வரையாமல் விகிதத்தை வரைவதற்குக் காரணம், கலவையில் நேர்கோட்டில் மாறுவது விகிதமே என்பதுதான்.

பென் வான் டெர் ப்ளூயிமும் அவருடைய கூட்டாளிகளும் இம்முறையைக் கனடிய ராக்கி மலைகளின் லூயிஸ் உந்துபிளவில் செயல்படுத்தி, ஏறத்தாழ 5.2 கோடி ஆண்டுகள் என்ற வயதை 2001இல் வெளியிட்டார்கள். ஆழமற்ற பிளவுகளின் வயதை நேரடியாகக் கேட்க முடியும் என்ற நம்பிக்கையைப் பரவலாக்கியது அந்த ஆய்வே. 2006இல் அதே மலைத்தொடரின் வேறு பிளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது 7.2 கோடி, 5.2 கோடி என இரண்டு அசைவுக் காலங்கள் தெரியவந்தன.

அந்த வெற்றியை மோன்ட் டெரிக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியுமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. மேலே சொன்ன கணக்கையே சற்று மாற்றிப் பாருங்கள். பழைய மைக்காவின் அளவை ஒரே ஒரு சதவீதம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், 5.2 கோடி ஆண்டு வயதுள்ள பிளவில் நேரும் பிழை ஏறத்தாழ 27 லட்சம் ஆண்டுகள். அது 5 சதவீதப் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். அதே ஒரு சதவீதம் 80 லட்சம் ஆண்டு வயதுள்ள பிளவை 1.12 கோடி ஆண்டுகளாகக் காட்டும்; அது 40 சதவீதப் பிழை. எக்ஸ்-கதிர் அளவீட்டிலோ சில சதவீத ஐயம் எப்போதும் உண்டு. பிளவு எவ்வளவு இளையதோ, பக்கப்பாறை எவ்வளவு பழைய மைக்காவைச் சுமக்கிறதோ, அவ்வளவுக்கு இம்முறை தளர்கிறது.

இரண்டாவது தயக்கம் வெப்பநிலை பற்றியது. மோன்ட் டெரியின் ஓபலினஸ் களிப்பாறை தன் வாழ்நாளில் கண்ட உச்ச வெப்பம் 80 முதல் 90 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் ஸ்மெக்டைட் இல்லைட்டாக மாறுவது மெதுவாகவே நடக்கும். ஆகவே பிளவுக்குள் புதிய இல்லைட் போதிய அளவு வளர்ந்ததா என்பதே கேள்வி. மேலும், மண்ணாக இருந்து வண்டலோடு வந்த பழைய களியிலும் 1எம்டி அடுக்கு முறை இருக்கலாம். அப்படியிருந்தால் "1எம்டி என்றால் புதியது" என்ற அடிப்படைக் கணிப்பே ஆட்டம் காணும். பழைய மைக்காவைப் பூஜ்யமாக்கி நாம் அடையும் புள்ளியில், பிளவைவிடப் பழைய வேறொரு களி உட்கார்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, ஆனால் பல திட்டங்களில் அதற்கு இடம் ஒதுக்குவதில்லை: பிளவிலிருந்து சில மீட்டர் தள்ளி, அசையாத பக்கப்பாறையிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, அதே துகள் பங்குகளாகப் பிரித்து, அதே அளவீடுகளைச் செய்ய வேண்டும். கௌஜின் நுண்பங்கும் பக்கப்பாறையின் நுண்பங்கும் ஒரே வயதைத் தந்தால், பிளவுக்குள் புதிதாக எதுவும் வளரவில்லை என்று பொருள். வந்த எண்ணுக்கும் அசைவுக்கும் தொடர்பில்லை. பக்கப்பாறை மாதிரி இல்லாத களி வயதை நான் முடிவெடுக்கப் பயன்படுத்த மாட்டேன்.

மாதிரியைப் பக்குவப்படுத்தும் முறையும் வயதை மாற்றிவிடும். கௌஜை உரலில் இடித்தோ இயந்திரத்தில் அரைத்தோ பிரிக்கவே கூடாது, ஏனெனில் இடித்தால் பெரிய பழைய மைக்காத் துகள்கள் நொறுங்கி நுண்பங்குக்குள் நுழைந்துவிடும். அதனால் மாதிரியை நீரில் ஊறவைத்து, உறைய வைத்து, உருக வைத்து, மீண்டும் உறைய வைத்து, பனிக்கட்டியின் விரிவே களித் துகள்களைப் பிரிக்கும்படி விடுகிறார்கள். அதன்பின் உயரமான கண்ணாடிக் குழாயில் கலக்கி வைத்தால், 2 மைக்ரான் துகள் 5 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும், 0.1 மைக்ரான் துகள் அதே தூரம் இறங்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும் என்பதால், அந்தப் பங்குக்கு அதிவேக மையவிலக்கு இயந்திரம் தேவை. இப்படிப் பொறுமையாகப் பிரித்த சிட்டிகையளவு மாவில்தான் முழு வாதமும் நிற்கிறது. ஃபெல்ட்ஸ்பார் கலந்திருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டும், அதிலும் பொட்டாசியம் உண்டு.

அடுத்த முறை ஆர்கான்–ஆர்கான். மாதிரியை அணு உலையில் வைத்து நியூட்ரான்களால் தாக்கி, பொட்டாசியத்தின் ஒரு பகுதியை ஆர்கான்-39 ஆக்கி, பொட்டாசியத்தையும் ஆர்கானையும் ஒரே துகளிலிருந்து ஒரே கருவியில் அளப்பது இதன் சிறப்பு; மிகச் சிறிய மாதிரி போதும். ஆனால் நியூட்ரான் மோதும்போது ஆர்கான்-39 அணு ஏறத்தாழ 0.08 மைக்ரான் பின்னுதைத்துச் செல்கிறது. களித் துகளின் தடிப்போ அதைவிடக் குறைவு. அணு துகளை விட்டே வெளியே பாய்ந்துவிடும். அதனால் மாதிரியை வெற்றிடக் கண்ணாடிக் குமிழிக்குள் அடைத்துக் கதிர்வீச்சுக்கு அனுப்பி, தப்பிய வாயுவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அப்போது ஒரே மாதிரிக்கு இரண்டு வயதுகள் கிடைக்கும்: தப்பியதைச் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று, எதை ஏற்பது என்பது படிகத்தின் தடிப்பைப் பொறுத்தது. இத்தனைக்கும் பிறகு, பழையது–புதியது கலப்பு என்ற அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது. மாதிரி மிகக் குறைவாக இருந்தாலொழிய, களிப்பாறைப் பிளவுக்கு இந்தக் கூடுதல் செலவு தகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ருபீடியம் ஸ்ட்ரான்சியமாகச் சிதைவதைக் கடிகாரமாகக் கொள்ளும் ருபீடியம்–ஸ்ட்ரான்சியம் முறையைக் களிக்குப் பயன்படுத்தும்போது, நீர்த்த அமிலத்தால் களியைக் கழுவி, கரைந்ததையும் எஞ்சியதையும் தனித்தனியே அளப்பார்கள். ஸ்ட்ரான்சியம் ஆர்கானைப் போல வாயுவாகக் கசிந்து போகாது என்பது இதன் பலம். கரைந்து வந்த பகுதி, பிளவின் வழியே ஓடிய பாய்மம் எத்தகையது என்பதையும் சொல்லும். கழிவுப் புதைப்புக்கு அந்தச் செய்தி வயதுக்கு நிகராக மதிப்புள்ளது. ஆனால் புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்துவிட்டன என்பதற்காக அதை வயதுக்கோடு என்று நம்பிவிடக் கூடாது. இரு பொருள்களின் கலப்பும் அதே போன்ற நேர்கோட்டைத் தரும். செலஸ்டைட் என்பதே ஸ்ட்ரான்சியத்தின் கனிமம் என்பதால், மோன்ட் டெரியில் அதன் துளி கலந்தாலும் கணக்கு திசைமாறிவிடும். பெரிய மைக்காப் படிகங்கள் வளர்ந்த பிளவுகளில் லேசர் கொண்டு நேரடியாக ருபீடியம் வயது எடுக்கும் புதிய வழி சுவீடனின் படிகப் பாறைப் பிளவுகளில் பயன்பட்டிருக்கிறது; மாவு போன்ற கௌஜுக்கு அது பொருந்தாது.

இப்போது வெள்ளை நரம்புக்கு வருவோம். பிளவின் இரு பக்கங்களும் நகர நகர, இடையே திறந்த சிறு வெளிகளில் கால்சைட் இழை இழையாக, நகர்வின் திசையிலேயே வளர்கிறது. அதில் மிகச் சிறிதளவு யுரேனியம் அகப்பட்டிருந்தால், அது ஈயமாகச் சிதைவதை வைத்து வயது கணிக்கலாம். லேசரால் இழையின் மேல் நூறு மைக்ரான் அளவிலான பல குழிகளைப் பொறித்து, ஆவியை, அணுக்களை நிறையின்படி பிரித்தளக்கும் நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தி அளக்கும் இம்முறை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேகமாக வளர்ந்திருக்கிறது. ஃபாரோ தீவுகளின் பிளவுகளில் நிக் ராபர்ட்ஸும் ரிச்சர்ட் வாக்கரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. களிப்பாறையைப் பொறுத்தவரை இதன் பெருஞ்சிறப்பு ஒன்று உண்டு: இழையாக வளர்ந்த கால்சைட்டுக்குள் 30 கோடி ஆண்டு மைக்கா ஒளிந்திருக்க முடியாது. களிக்கடிகாரங்கள் அனைத்தையும் கெடுக்கும் அந்தக் கலப்பிலிருந்து இது விடுபட்டது.

குறைகள் வேறு வகையானவை. 80 லட்சம் ஆண்டுகளில் யுரேனியம்-238இல் சிதைவது 0.12 சதவீதம் மட்டுமே. கால்சைட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு யுரேனியம் இருந்தால்கூட, அதிலிருந்து உண்டாகியிருக்கும் ஈயம் நூறு கோடியில் ஏறத்தாழ ஒரு பங்குதான். பல கால்சைட்டுகளில் யுரேனியம் அதைவிடக் குறைவு, வளரும்போதே உள்ளே வந்த சாதாரண ஈயமோ அதிகம். சில இழைகள் வயதே தராமல் போகும். இன்னொன்று, அசைவு முடிந்த பின் ஓடிய நீரும் கால்சைட்டைப் படிய வைக்கும். வெடிப்பை அடைத்து நிற்கும் கட்டியான கால்சைட்டின் வயது "பிளவு இதற்கு முன் திறந்தது" என்பதை மட்டுமே சொல்லும். நகர்வோடு சேர்ந்து வளர்ந்த இழையின் வயதே அசைவைச் சொல்லும். ஆகவே லேசரைத் தொடும் முன் மெல்லிய வெட்டை நுண்ணோக்கியில் வைத்து, இழையின் சாய்வையும் படிகள் எத்திசையில் விழுகின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும்.

பிளவு அண்மையில் அசைந்ததா என்ற கேள்விக்கு மேற்சொன்ன எவையும் ஏற்றவை அல்ல. ஜப்பானில் அணுமின் நிலையங்களுக்கு அடியில் உள்ள பிளவுகளைப் பற்றி எழும் கேள்வி அத்தகையது. அங்கு கடந்த 1.2 முதல் 1.3 லட்சம் ஆண்டுகளுக்குள் அசைந்ததா என்பதே அளவுகோல். சுருகா 2ஆம் உலைக்கு அடியில் அத்தகைய பிளவு இருக்கும் வாய்ப்பை மறுக்க இயலவில்லை என்பதால் 2024 நவம்பரில் அதன் மறுதொடக்கம் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கால அளவுக்குக் குவார்ட்ஸ் துகள்களில் தேங்கிய கதிர்வீச்சுச் சேதத்தை அளக்கும் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறை இருக்கிறது. அசைவின்போது அந்தச் சேதம் முழுவதும் அழிந்ததா என்பது அதன் தீராத ஐயம்.

ஆகவே மோன்ட் டெரி போன்ற, வெப்பம் குறைவாகக் கண்ட, பழைய மைக்கா நிறைந்த, இளம் பிளவுக்கு நான் முதலில் செலவிடுவது கால்சைட் இழைகளில்தான். பத்து இழைகளில் மூன்று வயது தந்தாலும், அவை ஒன்றோடொன்று ஒத்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு களியிடம் செல்லலாம். லூயிஸ் உந்துபிளவைப் போல ஆழத்தில் நன்கு வெந்த, வயது முதிர்ந்த பிளவாக இருந்தால் வரிசை தலைகீழாகும்: களியின் பொட்டாசியம்–ஆர்கான் பகுப்பாய்வே முதன்மை, கால்சைட் துணை. பக்கப்பாறை கருங்கல் போன்ற படிகப் பாறையாக இருந்தால், அங்குள்ள ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து உண்டான இல்லைட் பெரும்பாலும் பிளவுக்குள்ளேயே பிறந்தது. அங்கு களிமுறையின் மேல் எனக்கு மேலும் நம்பிக்கை உண்டு.

கையில் உள்ள கௌஜை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டால், ஒரு பகுதியை வெட்டாமல் அப்படியே காற்றுப் புகாமல் கட்டி வைத்துவிட்டு, மறுபகுதியைப் பக்கப்பாறை மாதிரியோடு சேர்த்து முதலில் எக்ஸ்-கதிர்ச் சோதனைக்கு அனுப்புவேன். நான்கு துகள் பங்குகளிலும் கௌஜும் பக்கப்பாறையும் ஒரே கனிம விகிதத்தைக் காட்டினால், ஆர்கான் அளவீட்டுக்கு ஒரு காசும் செலவிடாமல் அங்கேயே நிறுத்திவிடுவேன். நுண்பங்கில் கௌஜ் மட்டும் வேறுபட்டால், அந்த வேறுபாட்டைப் பிளவு உண்டாக்கியதா என்று கேட்கும் தகுதி அப்போதுதான் ஆர்கானுக்கு வருகிறது.